தொலைந்துபோன சிறு பாகங்களுக்கு நாங்கள் செய்துகொண்ட மாற்று ஏற்பாடுகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்புத் தண்டு தேய்ந்துவிட்டால், அதைக் கடைந்து தருவதற்கு லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ரிமோட்டின் பேட்டரி அறையிலிருந்து சுருள் ஒன்று கழன்று தொலைந்துவிட்டால், அந்தச் சுருளை மட்டும் கேட்டு எத்தனை கடை ஏறி இறங்கினாலும் "புதுசே வாங்கிக்குங்க" என்ற பதில்தான் கிடைக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் ஒரு கருவியை அரை ரூபாய்ப் பாகம் இல்லை என்பதற்காகக் குப்பையில் போட எனக்கு மனம் வருவதில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இப்படிச் சரிசெய்துகொண்டவற்றில், பிறருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, எங்கள் அப்புச்சியின் கையடக்க ரேடியோ. கோவை வானொலி கேட்பதற்கென்றே அவர் வைத்திருக்கும் அதில், தீர்ந்துபோன பேட்டரிகள் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்துவிட்டன. சாதாரண ரேடியோ பேட்டரியில் துத்தநாகக் கூடுதான் எதிர்முனையாகவும் வேலை செய்கிறது. மின்சாரம் செலவாகச் செலவாக அந்தக் கூடே கரைந்து மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்து உள்ளிருக்கும் உப்புப் பசை வெளியே கசிகிறது. அந்தப் பசை பட்டுத் துருவேறிய சுருள், துடைக்கும்போது அடியோடு ஒடிந்து எங்கேயோ விழுந்துவிட்டது.

இத்தகைய இடங்களில் பலரும் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை உருட்டித் திணிக்கிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. அலுமினியத் தாளுக்கு மீண்டெழும் விசை கிடையாது; நான்கு முறை அழுத்தினால் தட்டையாகி, தொடர்பு விட்டுவிட்டு வரத் தொடங்கும். நகர்ந்துபோய்ப் பக்கத்துத் தகட்டைத் தொட்டுவிட்டால், பேட்டரி சூடாகி வீணாகும். பேனாவில் உள்ள சுருள் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதன் கம்பி மெல்லியது, எஃகாலானது. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் பத்துப் பன்னிரண்டு சுற்று இருந்தால், அதன் மின்தடை ஏறக்குறைய அரை ஓம் முதல் ஒரு ஓம் வரை வரும். சில மில்லி ஆம்பியர் மட்டும் எடுக்கும் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் அது ஒரு பொருட்டே அல்ல. அரை ஆம்பியர் எடுக்கும் டார்ச் விளக்கிலோ, 3 வோல்ட்டில் கால் வோல்ட்டுக்கு மேல் அந்தச் சுருளே விழுங்கிவிடும், சுருளும் சூடாகும்.

ரேடியோவுக்கு நாங்கள் செய்தது வேறு. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டும் பெரியவர், நான் சுருள் தேடி அலைவதைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சுருளேதான் வேணும்னு என்ன இருக்குது? அமுக்கிப் புடிக்கற தகடு ஒண்ணு இருந்தாப் பத்தாதா?" என்றார். கழித்துப் போட்ட தறி அச்சிலிருந்து (பாவு நூல்களைச் சீப்புப்போலப் பிரித்து நிறுத்தும் சட்டம்) உருவிய எஃகுப் பல் இரண்டையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பல் நல்ல விறைப்பானது. கூர்மையாக மடித்தால் ஒடிந்துவிடும், எனவே ஆணியின் மேல் வைத்து அகலமான வளைவாக வளைக்க வேண்டும். எஃகில் ஈயம் எளிதில் பிடிக்காது என்பதால், வயரிலிருந்து பிரித்தெடுத்த செம்பு இழைகளைப் பல்லின் வளைவில் நெருக்கமாகச் சுற்றி, இழைகளின் மறுமுனையைப் பழைய தகட்டின் மிச்சத்தில் பற்றவைத்தோம். அழுத்தம் எஃகின் வேலை, மின்சாரம் செம்பின் வேலை என்று பிரித்துக்கொண்டதால்தான் அது நிலைத்து நிற்கிறது என்பது என் எண்ணம். பற்றவைக்கும் முன்பு அந்தத் தகட்டின் துருவை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்தெடுப்பது அவசியம்.

இரண்டாவது அனுபவம் என் மாமனாருடைய மளிகைக் கடைத் தராசில். மின்னணுத் தராசின் அடியில் திருகி உயரம் மாற்றக்கூடிய நான்கு கால்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. அந்த மூலையில் அட்டையை மடித்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தராசு 3 பாகை சாய்ந்து நின்றாலே, சாய்வினால் மட்டும் 10 கிலோவுக்கு 14 கிராம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். 5 பாகை என்றால் 38 கிராம். அட்டையோ நாளுக்கு நாள் நசுங்கிக்கொண்டே போகிறது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்கும் கருவியில் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். மீதமிருந்த கால்களில் ஒன்றைக் கழற்றி எடுத்துச் சென்று, போல்ட் கடையில் அதே மரை உள்ள போல்ட்டைத் தேர்ந்தெடுத்து, அதன் தலைக்கு மிதிவண்டி டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி ஒட்டினோம். பிறகு தராசில் மட்டம் காட்டும் நீர்க்குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை கால்களைத் திருகினோம். முத்திரை வைத்த பகுதியைத் தொடவேண்டிய தேவையே இதில் எழாது, தொடவும் கூடாது.

மைக் செட் வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர், ஆம்ப்ளிஃபையரின் டிரான்சிஸ்டருக்கு அடியில் இருக்கும் மைக்கா தகட்டைத் தொலைத்துவிட்டு, பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடேற்றும் பகுதியிலிருந்த மைக்காவைப் பிரித்து உரித்துப் போட்டிருக்கிறார். வெப்பத்தைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் வேலைக்கு அது மிகப் பொருத்தமான மாற்று. மின் இணைப்புக் கொடுக்கும் முன்பு மல்டிமீட்டரை வைத்து, டிரான்சிஸ்டரின் உலோக முதுகுக்கும், அதன் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்குக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இதே நண்பர் கண்ணாடி ஃபியூஸுக்குப் பதிலாக எவரேனும் வெறும் கம்பியைச் சுற்றியிருப்பதைக் கண்டால், ஃபியூஸ் வாங்கிப் போடும்வரை அந்தக் கருவியைத் திருப்பித் தரவே மாட்டார். அதில் அவர் பக்கம்தான் நானும். வேளை வந்தால் உருகி அறுந்து போவதற்கென்றே உள்ள பாகத்துக்கு, அறுந்து போகாத எதுவும் மாற்றாகாது.

கடைசியாக, எங்கள் அம்மிச்சியின் காது கேட்கும் கருவி. அதன் பேட்டரிக் கதவைத் தாங்கும் மெல்லிய ஊசி விழுந்துவிட, வீட்டில் யாரோ கதவைச் சுற்றி டேப் ஒட்டினார்கள். சற்று நேரத்தில் ஒலி மங்கி நின்றுபோனது. அதில் போடுவது துத்தநாக-காற்று பேட்டரி. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அது மின்சாரம் தருகிறது. இடைவெளிகளை டேப் அடைத்துவிட்டால் அதற்கு மூச்சு முட்டிவிடுகிறது. டேப்பை உரித்துவிட்டு, குண்டூசியின் தலையை வெட்டி, இரு முனைகளையும் அரத்தால் மழுக்கிக் கதவின் துளையில் செருகியிருக்கிறேன். இப்போது கருவி வேலை செய்கிறது. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஊசி ஒரு பக்கமாக நகர்கிறது. காதில் அணியும் பொருள் என்பதால் பசை தடவத் தயக்கமாக இருக்கிறது. பசை இல்லாமல் அந்த ஊசியை நகராதபடி நிறுத்தியவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள்.