"தேவை நிறுவப்படவில்லை" என்று திரும்பிய நிதி விண்ணப்பம்: எதைத் திருத்த வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். பள்ளி முடிந்த பின் மாலை வேளையில் குழந்தைகளுக்கு வாசிப்புப் பயிற்சி அளிக்கும் ஒரு சிறிய தொண்டு அமைப்பின் செயலாளர் நான். எங்களில் ஒருங்கிணைப்பாளர் மட்டுமே ஊதியம் பெறுகிறார், மற்றவர்கள் தன்னார்வலர்கள். நூலக அறை ஒன்று அமைக்க நிதியுதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம், "தேவை நிறுவப்படவில்லை, விளைவுகள் தெளிவாக இல்லை, செலவுத் திட்டம் செயல்பாடுகளோடு பொருந்தவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. அதன் முக்கியப் பத்தி இது:

"எங்கள் பகுதிக் குழந்தைகளுக்கு நூலகம் இல்லை. ஆகவே நூலகம் அவசியமாகிறது. இந்நிதியைக் கொண்டு 500 நூல்கள் வாங்கி, 60 குழந்தைகளுக்கு வாரம் 3 நாள் வாசிப்பு வகுப்பு நடத்துவோம். இதனால் அவர்கள் வாழ்வு ஒளிபெறும்."

அன்றாடம் அந்தக் குழந்தைகளோடு இருக்கும் எங்களுக்கு இதைவிடத் தெளிவாக எழுதத் தெரியவில்லை. நிர்வாகச் செலவு கேட்டால் தவறாக எண்ணுவார்களோ என்று அஞ்சி, நூல்களுக்கும் அறைக்கும் மட்டுமே தொகை கேட்டிருந்தோம். எங்கே தவறினோம் என்று சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். நிதி விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். "நூலகம் இல்லை, ஆகவே நூலகம் வேண்டும்" என்னும்போது, தீர்வு இல்லாததையே நீங்கள் சிக்கலாகக் காட்டுகிறீர்கள். நூலகம் இல்லாததால் எந்தக் குழந்தைக்கு என்ன நேர்கிறது, அது உங்களுக்கு எப்படித் தெரியவந்தது, எத்தனை பேருக்கு அந்த நிலை என்பவற்றைத்தான் மதிப்பிடுபவர் தேடுவார். அவர் முன்னால் உங்கள் குழந்தைகள் இல்லை. நீங்கள் எழுதியது மட்டுமே இருக்கிறது.

அடுத்தது விளைவு. 500 நூல்களும், 60 குழந்தைகளும், வாரம் 3 வகுப்புகளும் நீங்கள் செய்யப்போகும் பணியின் அளவுகள். இவற்றை வெளியீடு என்பார்கள். அந்தப் பணியால் குழந்தையிடம் ஏற்படும் மாற்றமே விளைவு. 1969-இல் அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமைக்காக உருவாக்கப்பட்ட தருக்கச் சட்டகம் என்ற திட்ட அட்டவணை, உள்ளீடு, வெளியீடு, நோக்கம் (நான் விளைவு என்றது), உயர் இலக்கு என்று 4 படிகளைத் தனித்தனியே எழுதவைத்து, ஒவ்வொன்றுக்கும் அளவுகோலையும் சான்றையும் அனுமானத்தையும் கேட்டது. இன்று பல நிதியாளர்களின் படிவங்களில் அதன் சாயல் இருக்கிறது. படிவம் கேட்காவிட்டாலும் ஒரு தாளில் அதை நிரப்பிப் பாருங்கள்; எந்தக் கட்டம் வெறுமையாக நிற்கிறதோ அங்கேதான் விண்ணப்பம் பலவீனமாக இருக்கிறது.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். குழந்தைகள் ஒவ்வொருவரையும் ஒரு சிறு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்க நிலை தெரியாமல் முன்னேற்றத்தைப் பிறகு எதைக் கொண்டும் காட்ட இயலாது.

மறுமொழி 2

ஐயா சொன்னதோடு கணக்குப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். தொண்டு அமைப்புகளின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். வாரம் 3 வகுப்பு என்று எழுதிவிட்டு, வகுப்பை நடத்துபவருக்கும் இடத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு வரிகூட இல்லையென்றால், இவர்கள் இதை எப்படி நடத்துவார்கள் என்ற ஐயம் படிப்பவருக்கு எழத்தானே செய்யும்? நீங்கள் பணிவு என்று எண்ணி விட்ட வரிகளைத்தான் அவர்கள் பொருந்தாமை என்று குறித்திருக்கிறார்கள்.

ஒருங்கிணைப்பாளரின் நேரத்தில் எத்தனை பங்கு இத்திட்டத்துக்குச் செல்கிறதோ அந்தப் பங்கு ஊதியத்தைக் காட்டுங்கள். ஆனால் அதே பங்கை இன்னொரு நிதியாளரிடமும் கேட்டுவிடாதீர்கள், தணிக்கையில் அது பெரிய குற்றமாக நிற்கும். வாடகை, தணிக்கைக் கட்டணம் போன்ற பொதுச் செலவில் நியாயமான பங்கையும், எந்த அடிப்படையில் பகிர்ந்தீர்கள் என்ற விளக்கத்தையும் சேருங்கள். நிதியாளர் இதற்கு உச்சவரம்பு வைத்திருந்தால் மீதியை யார் ஏற்கிறார் என்று எழுதுங்கள். தன்னார்வலர்களின் உழைப்பைப் பொருள்வழிப் பங்களிப்பாக, ரொக்கத்தோடு கலக்காமல் தனியே காட்டலாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி 5-ஆம் வகுப்பில் படிக்கும் 60 குழந்தைகளையும் 2-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். 37 பேரால் தடையின்றி வாசிக்க முடியவில்லை. அவர்களில் 14 பேர் எழுத்துகளைக் கூட்டியே படித்தனர். இத்தனை நாள் உடனிருந்தும் நாங்கள் இதை அறியாமல் இருந்தது மனத்தை வருத்துகிறது. பத்தியை இப்படி மாற்றியுள்ளேன்: "37 குழந்தைகள் தம் வகுப்புக்கு 3 ஆண்டு பின்தங்கிய பத்தியையே வாசிக்க இயலாதிருக்கிறார்கள். 10 மாதப் பயிற்சிக்குப் பின் இவர்களில் 25 பேராவது அதே அளவிலான பத்தியைத் தடையின்றி வாசிப்பார்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை அதே முறையில் சோதிப்போம். இதற்காக நூலக அறை ஒன்றை அமைப்போம்."

மறுமொழி 1

முதல் மூன்று வாக்கியங்களையும் நான் முழு மதிப்பெண்ணோடு ஏற்றிருப்பேன். நான்காவதில் நின்றுவிடுவேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு 500 நூல்கள் உள்ள அறை எப்படி உதவும்? நீங்கள் கண்டறிந்த தேவைக்கு நீங்கள் கேட்கும் தீர்வு விடையாக இல்லை. அறையைக் காப்பாற்றுவதற்காகத் தேவையை வளைக்க வேண்டாம். தேவைக்கு ஏற்பத் திட்டத்தையே மாற்றத் துணியுங்கள்.

கேட்டவர்

நேற்று எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அறையைக் கைவிட்டுவிட்டோம். பயிற்சி பெற்ற இன்னொரு ஆசிரியருக்கான பகுதிநேர ஊதியம், படிநிலைப்படுத்திய சிறு நூல்கள், சோதனைகளுக்கான செலவு, ஒருங்கிணைப்பாளர் ஊதியத்தில் உரிய பங்கு ஆகியவற்றை மட்டும் கேட்கப்போகிறோம். அதே அறக்கட்டளையிடம் மறுபடி விண்ணப்பிக்கலாமா என்று அதன் திட்ட அலுவலரிடம் கேட்டேன். அடுத்த சுற்றில் அனுப்பலாம் என்றும், முந்தைய குறிப்புகளுக்கு என்ன செய்தோம் என்பதை முகப்புக் கடிதத்தில் எழுதலாம் என்றும் சொன்னார். அந்தக் கடிதத்தை இன்றிரவு எழுதி இங்கே இடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.