‘ஸ்பெல் ஸ்லாட்’ என்பதற்கு ‘உரு’: ஒரு முன்மொழிவும் அதன் மீதான மறுப்புகளும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் பகடை ஆட்டத்துக்காக நான் முன்னர் அனுப்பிய சொற்பட்டியலில், மந்திரத்தை ஒரு முறை ஓதச் செலவாகும் இருப்பாகிய ‘ஸ்பெல் ஸ்லாட்’ என்பதற்கு ‘மந்திர இடம்’ என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ‘உரு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொருந்தாத சொல் ஒன்று ஆட்டத்தின் போக்கையே எவ்வாறு மாற்றிவிடும் என்பதைச் சென்ற அமர்வில் நேரில் கண்டேன்.

எங்கள் மேசையில் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை, 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, தமிழிலேயே பேசி ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துபவன் நான். நால்வர் குழுவில் வாளை நம்பி வாழ்பவர் ஒருவர்கூட இல்லை. ஏட்டைப் படித்து மந்திரம் கற்கும் விசார்டு, தெய்வத்தின் அருளால் ஓதும் கிளெரிக், பிறவியிலேயே ஆற்றல் கொண்ட சார்சரர், ஏதோ ஒரு பெருஞ்சக்தியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வார்லாக் என எல்லாருமே மந்திரக்காரர்கள். பாத்திர வளர்ச்சியில் எல்லாரும் ஐந்தாம் நிலையில் இருப்பவர்கள். இத்தகைய குழுவுக்கு ‘ஸ்லாட்’ என்பதுதான் உணவும் நீரும். மந்திரத்தின் கடுமையைப் ‘படி’ என்று சொன்னால், முதல் மூவருக்கும் முதற்படியில் நான்கு, இரண்டாம் படியில் மூன்று, மூன்றாம் படியில் இரண்டு என ஒரு நாளுக்கு ஒன்பது உண்டு. வார்லாக்குக்கோ இரண்டே இரண்டு, ஆனால் இரண்டும் மூன்றாம் படியைச் சேர்ந்தவை, ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே மீண்டுவிடுபவை.

கிளெரிக்காக ஆடிய என் சித்தி மகள் ஆட்டத்துக்குப் புதியவள். நான் அச்சிட்டுக் கொடுத்த தாளில் ‘மூன்றாம் படி மந்திர இடம்: 2’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு கட்டங்கள் இருந்தன. இடம் என்று ஒன்றைக் கொடுத்தால் அதில் எதையாவது வைக்கத்தானே தோன்றும்? அவள் ஒரு கட்டத்தில் ‘ஸ்பிரிட் கார்டியன்ஸ்’ என்றும் மற்றொன்றில் ‘டிஸ்பெல் மேஜிக்’ என்றும் எழுதி வைத்துக்கொண்டாள். இடிந்த மடாலயத்தின் அடியிலுள்ள கல்லறைக் கூடத்தில் சண்டை முற்றியபோது முதற்கட்டத்தைச் செலவிட்டாள். அதன்பின் சார்சரர் வீழ்ந்தார். சாவைத் தடுக்கும் பகடை மூன்று முறையும் தவறியது. இறந்து ஒரு நிமிடத்துக்குள் ‘ரிவிவிஃபை’ என்ற மூன்றாம் படி மந்திரத்தை ஓதினால் உயிர் திரும்பியிருக்கும். அது அவள் அன்று காலை ஆயத்தம் செய்திருந்த ஒன்பது மந்திரங்களுள் ஒன்று. அதற்கு வேண்டிய 300 பொன் மதிப்புள்ள வைரமும் பையில் இருந்தது. மூன்றாம் படியில் ஒன்று செலவாகாமலும் இருந்தது. ஆனால் அந்த ‘இடத்தில்’ வேறு மந்திரம் அமர்ந்திருப்பதாக அவள் எண்ணியதால், “என்னால் முடியாது” என்று மட்டும் சொன்னாள். அவள் அதை ஆயத்தம் செய்யவில்லை போலும் என்று நினைத்து நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அமர்வு முடிந்து தாள்களைத் திரட்டியபோதுதான் அந்தக் கட்டங்களைக் கண்டேன். அதற்குள் இறந்தவருக்கான பிரிவுரையைச் சொல்லி முடித்து, சார்சரராக ஆடியவர் புதிய பாத்திரத்தை எழுதத் தொடங்கியிருந்தார். அந்தச் சாவுக்குக் காரணம் பகடையன்று. நான் தேர்ந்த சொல்.

‘ஸ்லாட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் 1974இல் இவ்வாட்டத்தின் முதற்பதிப்பை வெளியிட்டபோது, மந்திர முறையை ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட கதைகளிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அக்கதைகளில் மந்திரவாதியின் மனத்தில் ஒரு சில மந்திரங்களே தங்கும். ஓதிய மறுகணம் ஓதிய மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். மீண்டும் ஏட்டைத் திறந்து மனனம் செய்யவேண்டும். அந்த முறையில் ‘ஸ்லாட்’ என்பது மனத்திலுள்ள ஓர் இடமேதான்: ஒவ்வோர் இடத்திலும் குறிப்பிட்ட ஒரு மந்திரம் காலையிலேயே வைக்கப்பட்டுவிடும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் சார்சரர் என்ற புதுவகையினர் நுழைந்து, தெரிந்த மந்திரம் எதையும் அதன் படியிலோ அதற்கு மேற்பட்ட படியிலோ உள்ள எந்த ‘ஸ்லாட்டை’ச் செலவிட்டும் ஓதலாம் என்றானது. 2014இன் ஐந்தாம் பதிப்பு அவ்வுரிமையை எல்லாருக்கும் வழங்கிவிட்டது. இன்று ‘ஸ்லாட்’டில் எதுவும் வைக்கப்படுவதில்லை, அது செலவழிக்கப்படுகிறது. பொருள் மாறிய பின்னும் ஆங்கிலத்தில் பழைய சொல்லே நின்றுவிட்டது. நான் அந்தப் பழைய சொல்லின் படத்தைத் தமிழில் வரைந்து கொடுத்தேன். என் சித்தி மகள் அந்தப் படத்தைச் சரியாகவே படித்து 1974ஆம் ஆண்டு விதிப்படி ஆடிவிட்டாள்.

ஆகவே நாம் பெயரிட வேண்டியது ஒரு பொந்துக்கோ கட்டத்துக்கோ அன்று. ஒரு முறை ஓதுவதற்கான, எண்ணத்தக்க, படிவாரியாக வேறுபடுகிற, ஓய்வில் மீள்கிற ஓர் இருப்புக்கு. ‘எண்ணத்தக்க’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘மந்திர ஆற்றல்’, ‘மந்திர பலம்’ போன்ற சொற்கள் இங்குதான் தவறுகின்றன. ஆற்றல் என்றால் அதை ஊற்றிக் கலக்கலாம், பிரிக்கலாம். இங்கோ முதற்படியில் இரண்டைச் சேர்த்து இரண்டாம் படியில் ஒன்றாக்க முடியாது. சார்சரருக்கு மட்டும் தனிப் புள்ளிகள் உண்டு. இரண்டு புள்ளிகளைக் கொடுத்து முதற்படியில் ஒன்றையும், மூன்றைக் கொடுத்து இரண்டாம் படியில் ஒன்றையும், ஐந்தைக் கொடுத்து மூன்றாம் படியில் ஒன்றையும் அவர் ஆக்கிக்கொள்ளலாம். ‘ஆற்றல்’ என்ற பெயரை அந்தப் புள்ளிகளுக்கு விட்டுவைப்பதே நல்லது. ‘தோட்டா’ என்று ஒரு நண்பர் சொன்னார். எண்ணிக்கையும் செலவும் அதில் மிகத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் காயத்தை ஆற்றும் மந்திரத்துக்குத் தோட்டா ஒன்றைச் செலவிட்டேன் என்று ஒரு கிளெரிக் சொல்வது செவிக்கு ஒவ்வவில்லை.

இப்போது ‘உரு’. நூற்றெட்டு உரு ஜெபித்தார், ஆயிரத்தெட்டு உரு ஏற்றினார் என்பது நம் வீடுகளில் இன்றும் வழங்கும் பேச்சு. அங்கே உரு என்பது மந்திரத்தை ஒரு முறை சொல்லும் அலகு, எண்ணிக்கையோடுதான் வரும். உரு ஏற்றினால் மந்திரத்துக்கு வலிமை ஏறும். மனனம் செய்வதற்கு உருப்போடுதல் என்கிறோம்; வான்சின் மந்திரவாதி விடியலில் ஏட்டைத் திறந்து செய்தது அதுவேதான். பழைய விதியின் மனனம், புதிய விதியின் எண்ணிக்கை இரண்டையும் ஒரே சொல் தாங்குவது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் அறுந்துபோன தொடர்பு தமிழில் அறாமல் இருக்கிறது.

மேசையில் பேசப்படும் வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். “மூன்றாம் படி உரு எத்தனை மீதம்?” “ஃபயர்பாலுக்கு ஓர் உரு செலவிடுகிறேன்.” “நெடு ஓய்வு முடிந்தது, எல்லாருக்கும் உரு ஏறிவிட்டது.” “வார்லாக்குக்குக் குறு ஓய்விலேயே உரு ஏறும்.” “சடங்காகப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்து ஓதினால் உரு செலவில்லை.” சற்றுக் கடினமான சோதனையாக ‘கவுன்டர்ஸ்பெல்’ விதியையும் எழுதினேன்: 2014 விதிகளில், எதிர்மந்திரத்தால் தடுக்கப்பட்ட மந்திரத்தின் உரு வீணாகும், 2024இன் திருத்தப் பதிப்பில் அந்த உரு செலவாகாமல் தங்கும். எந்த வாக்கியத்திலும் சொல் இடறவில்லை.

கிளை விவகாரம் ஒன்று. ‘லெவல்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல் பாத்திரத்தின் வளர்ச்சிக்கும், மந்திரத்தின் கடுமைக்கும், நிலவறையின் அடுக்குக்கும் வருகிறது. 1978இல் வந்த விதிநூலில் கைகாக்சே இக்குழப்பத்தைக் குறிப்பிட்டு, வெவ்வேறு சொற்களை எண்ணிப்பார்த்ததாகவும், வழக்கில் நிலைத்துவிட்டதால் பழையதையே விட்டுவைத்ததாகவும் எழுதினார். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாத்திரத்துக்கு ‘நிலை’, மந்திரத்துக்கும் உருவுக்கும் ‘படி’, நிலவறைக்கு ‘தளம்’ என்று இந்த மடலில் எழுதியிருப்பது அதனால்தான்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

மறுமொழி எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘முறை’ என்று எளிமையாகச் சொன்னால் என்ன? மூன்றாம் படி, இரண்டு முறை.

இதை நானும் முதலில் விரும்பினேன். ஆனால் சண்டையில் “உங்கள் முறை” என்று ஒவ்வொருவரையும் சுற்றுவரிசையில் அழைக்கிறோம். “என் முறையில் இரண்டு முறை இருக்கிறது” என்ற வாக்கியம் மேசையில் நிச்சயம் பிறக்கும்.

> இளைஞர்கள் ‘ஸ்லாட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதை ஏன் மாற்ற வேண்டும்?

பழகியவர்களுக்கு நான் எந்தத் தடையும் சொல்லவில்லை. ஆங்கில விதிநூலைப் படிக்காமல், தமிழ்த் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அமர்பவர்களுக்காகவே எழுதுகிறேன். 2023 ஜனவரியில் இவ்வாட்டத்தின் அடிப்படை விதித்தொகுப்பு படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டு அதை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து வெளியிடலாம். வழி திறந்திருக்கும்போது, வருபவர்களுக்கு மறுபடியும் அந்தப் பொந்தின் படத்தையே காட்ட எனக்கு மனமில்லை.

> உரு ஏற்றுவது எங்கள் வீட்டில் வழிபாடு. அதைப் பகடை ஆட்டத்துக்குக் கொண்டுவருவது எனக்கு உவப்பாக இல்லை.

ஐயா, இந்த மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்காகவே இரண்டு நாள் மறுமொழி எழுதாமல் இருந்தேன். என் பாட்டி விரலை மடக்கி உரு எண்ணியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனினும் ‘மந்திரம்’ என்ற சொல்லையே நாம் இவ்வாட்டத்தில் தயக்கமின்றி வழங்குகிறோம். அதைவிட உரு புனிதமானது என்று சொல்வது கடினம். மேலும் வாய்ப்பாட்டை உருப்போடு, திருக்குறளை உருப்போடு என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது அச்சொல் பூசையறையைக் கடந்து எப்போதோ வகுப்பறைக்கு வந்துவிட்டது. ஒரு விட்டுக்கொடுப்பை மட்டும் நானே செய்துகொள்கிறேன்: ‘ஜெபம்’ என்ற சொல்லையும், நூற்றெட்டு போன்ற வழிபாட்டு எண்களையும் விதித்தாளின் எடுத்துக்காட்டுகளில் எங்கும் பயன்படுத்தமாட்டேன்.

> உரு என்றால் வடிவம் அல்லவா? உருமாறும் மந்திரங்கள் நிறைந்த ஆட்டத்தில் இது குழப்பாதா?

இதுவே வலிமையான மறுப்பு. பெரும்பாலான இடங்களில் வினைச்சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடும்: வடிவமாகிய உரு மாறும், திரியும், தோன்றும், ஓதுதற்குரிய உரு ஏறும், செலவாகும், மீதமிருக்கும். ஆனால் ட்ரூயிடு என்ற வகையினரை எண்ணிப் பார்த்தபோது திகைத்துவிட்டேன். 2014 விதிகளில் அவர்கள் இரண்டு முறை விலங்காக மாறலாம். குறு ஓய்வில் அவ்விரண்டும் மீண்டுவிடும். “எனக்கு இரண்டு உரு மீதம்” என்று ஒரு ட்ரூயிடு சொன்னால், ஓநாயாக இரண்டு முறை மாறுவதைச் சொல்கிறாரா, மந்திரம் ஓதுவதைச் சொல்கிறாரா என்று யாராலும் அறிய முடியாது. அங்கே வினைச்சொல்லும் கைகொடுக்காது. ஏனெனில் இரண்டுமே மீதமிருப்பவைதாம், இரண்டுமே செலவாகுபவைதாம்.

இதற்கு என் திருத்தம் இது. விதித்தாளில் எழுதும்போது ‘மந்திர உரு’ என்றே முழுமையாக எழுதுவோம். பேச்சில் அது ‘உரு’ என்று சுருங்கட்டும். வடிவம் மாறுவதைக் குறிக்கும் இடங்களில் ‘உரு’ என்ற சொல்லை அறவே விலக்கி, ‘விலங்கு வடிவம்’, ‘வடிவம் மாற்றும் மந்திரம்’ என்று எழுதுவோம். ‘உருமாற்றம்’ என்ற அழகான சொல்லை இழப்பது வருத்தமே. ஆயினும் அதற்கு ஈடாக ‘வடிவமாற்றம்’ என்ற, உடனே புரியும் சொல் இருக்கிறது. ‘மந்திர உரு’வுக்கு ஈடாக இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

தாளின் அமைப்பையும் மாற்றியிருக்கிறேன். எழுதத் தூண்டும் கட்டங்களை நீக்கிவிட்டு, படிக்கு ஒரு சிறு கிண்ணமாக மூன்று கிண்ணங்களை ஒவ்வொருவர் முன்னும் வைத்து, உருவுக்கு ஒன்றாகச் சோழிகளை இட்டேன். மந்திரம் ஓதும்போது சோழி என் கைக்கு வரும். நெடு ஓய்வில் திரும்பிப் போகும். நேற்றைய அமர்வில் என் சித்தி மகள், மூன்றாம் படிக் கிண்ணத்தில் எஞ்சியிருந்த ஒரே சோழியை விரல்களுக்கிடையில் உருட்டியபடியே நெடுநேரம் இருந்தாள். வார்லாக் வீழ்ந்து இறந்ததும் அதை என்னிடம் நீட்டி, “கடைசி உரு, ரிவிவிஃபை” என்றாள்.

ட்ரூயிடு இடம்பெற்ற குழுவை நடத்துபவர்கள், அடுத்த அமர்வில் ‘உரு’ என்றும் ‘வடிவம்’ என்றும் பிரித்துப் பேசிப் பார்த்து, எத்தனை இடங்களில் நா தடுமாறியது என்று எழுதும்படி வேண்டுகிறேன். அந்தக் குறிப்புகள் வரும்வரை இச்சொல்லைப் பட்டியலில் ‘முன்மொழிவு’ என்றே குறித்து வைத்திருக்கிறேன்.