காலையில் மட்டும் ஆன் ஆகாத டெஸ்க்டாப்: மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள், நம்பலாமா?

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | திங்கள், காலை 10.20

கோத்தகிரியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது 2014இல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, எச்81 போர்டு, 4 ஜிபி ராம் இரண்டு, போன வருடம் போட்ட எஸ்எஸ்டி. எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) மட்டும் கேபினட்டோடு சேர்ந்து வந்தது, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

மூன்று வாரமாகக் காலையில் கடையைத் திறந்து பவர் பட்டனை அமுக்கினால், சிபியூ ஃபேன் கால் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மானிட்டரில் ஒன்றும் இல்லை, பீப் சத்தமும் இல்லை. விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு இருபது நிமிடம் கழித்து எதுவுமே நடக்காத மாதிரி ஆன் ஆகிவிடும். அப்புறம் சாயங்காலம் வரை ஒரு தொந்தரவும் கிடையாது. மத்தியானம் ஷட்டவுன் செய்துவிட்டுச் சாப்பிட்டு வந்தாலும் முதல் அமுக்கிலேயே வருகிறது. காலையில்தான் இந்த நாடகம்.

சர்வீஸ் செய்பவர் வந்து பார்த்தார். அவர் வந்தது மத்தியானம், அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "மதர்போர்டு போச்சு, பழசு ஒன்று இருக்கிறது, 4,500 ஆகும்" என்றார். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் வேலை குவிந்து கிடக்கிறது. போர்டை மாற்றி அதுவும் சரியாகாமல் போனால் என்ன செய்வது என்றுதான் இங்கே கேட்கிறேன்.

ராம்_ரப்பர் | திங்கள், காலை 10.41

அண்ணா, முதலில் ராமைக் கழற்றி, தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருக்கிறது பாருங்கள், அதைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பத்தில் ஆறு கேஸ் இதிலேயே முடிந்துவிடும். அப்படியே போர்டில் இருக்கும் சிமாஸ் பேட்டரி என்ற வட்டமான சின்ன பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், இருபது முப்பது ரூபாய்தான், சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | திங்கள், காலை 11.05

அண்ணா இல்லை, அக்கா. 🙂 ரப்பர் வைத்தியம் போன வாரமே பார்த்துவிட்டேன், ஒவ்வொரு ராமாக மாற்றி மாற்றிப் போட்டும் அதே கதைதான். பேட்டரியும் புதுசு. யுபிஎஸ்ஸைத் தூக்கிவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் கொடுத்தும் பார்த்தாயிற்று. பட்டனில் கோளாறாக இருக்குமோ என்று அண்ணன் மகன் போர்டில் இருக்கும் பவர் ஸ்விட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டுப் பார்த்தான். அதற்கும் ஃபேன் கால் சுற்றுதான்.

ஈயக்குச்சி | திங்கள், மதியம் 1.30

அக்கா, நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிற மாதிரி தெரிகிறது. இரண்டு கேள்வி. இரவு கடை பூட்டும்போது சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் போகிறீர்களா? இந்த மூன்று வாரத்தில் அங்கே குளிர் கூடியிருக்கிறதா?

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | திங்கள், மதியம் 2.10

ஆமாம், மெயினையே அணைத்துவிடுவேன், இடி மின்னல் பயம். குளிரைக் கேட்கவே வேண்டாம், டிசம்பர் பிறந்ததிலிருந்து காலையில் கடைக்குள் கை விறைக்கிறது. குளிருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? குளிர்ந்தால் நல்லது என்றுதானே ஃபேன் வைக்கிறார்கள்?

கிளிப்_டெஸ்ட் | திங்கள், மதியம் 2.32

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகமென்றால் அதிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றினால் அது நல்ல நிலையில் இருக்கிறது, போர்டுதான் கோளாறு. இரண்டு நிமிட வேலை.

ஈயக்குச்சி | திங்கள், மாலை 6.15

கிளிப் நண்பரே, அந்தச் சோதனையில் ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் செத்துவிட்டது என்று சொல்லலாம். சுற்றினால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே சுமையே இல்லை. காலி பஸ் மலை ஏறுகிறது என்பதற்காக நாற்பது பேரோடு ஏறும் என்று அர்த்தமா?

அக்கா, குளிர் விஷயத்துக்கு வருகிறேன். ப்ராசஸருக்குக் குளிர்ச்சி நல்லதுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் என்று சின்னச் சின்ன டப்பா மாதிரி இருக்கும், அதற்குள் இருப்பது திரவம். வருடக்கணக்கில் ஓடும்போது அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிடும். மலிவான கெபாசிட்டரில் 105 டிகிரி சூட்டில் 2,000 மணி நேரம் என்றுதான் ஆயுளே போட்டிருப்பான். உள்ளே சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது தோராயக் கணக்கு, அதனால்தான் இத்தனை வருடம் தாங்கியது. வற்றிப்போனது குளிரில் இன்னும் மந்தமாகிவிடும், அதன் உள்தடை ஏறும், தேவைப்படும் நேரத்தில் கரண்டைக் கொடுக்க முடியாமல் மூச்சு வாங்கும். கொஞ்சம் சூடேறினால் மறுபடி வேலை செய்யும்.

சுவர் ஸ்விட்சைப் போட்டாலே, பவர் பட்டனை அமுக்காவிட்டாலும், எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்னப் பகுதி ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டாண்ட்பை 5 வோல்ட் என்பது அதுதான். நீங்கள் இருபது நிமிடம் அமுக்கி அமுக்கி ஆன் ஆனது என்று நினைக்கிறீர்கள், என் சந்தேகம் என்னவென்றால் நீங்கள் அமுக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அந்த இருபது நிமிடத்தில் அது தானாகச் சூடேறியிருக்கிறது. நாளை காலை மெயினைப் போட்டுவிட்டு பட்டனைத் தொடாதீர்கள். போய் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து ஒரே ஒரு தடவை அமுக்குங்கள்.

ஊட்டிவாசி | திங்கள், இரவு 9.50

சிரிக்காதீர்கள், நான் ஒரு சீசன் முழுக்க கேபினட் பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பைப் பத்து நிமிடம் எரியவிட்டுத்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கோழிக்குஞ்சு வளர்க்கிறாயா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | செவ்வாய், காலை 9.25

8.50க்கு ஸ்விட்சைப் போட்டேன். கூட்டிப் பெருக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி வைத்து, எதிர்க்கடையில் டீ குடித்து 9.15க்கு வந்து அமுக்கினேன். முதல் அமுக்கு. வந்துவிட்டது! மூன்று வாரத்தில் முதல் தடவை.

ஈயக்குச்சி | செவ்வாய், காலை 9.40

அப்படியென்றால் பாதி உறுதி. மீதிக்கு மல்டிமீட்டர் வேண்டும், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டில் செருகியிருக்கும் 24 பின் கனெக்டரைக் கழற்ற வேண்டாம். அதில் ஊதா வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அந்த வயர் நுழையும் இடத்தில் பின்பக்கமாகச் சிவப்பு முனையைச் செருகிக் கறுப்பு முனையை ஏதாவது கறுப்பு வயரில் வைத்து, டிசி வோல்ட்டில் அளக்கச் சொல்லுங்கள். 4.75இலிருந்து 5.25க்குள் இருக்க வேண்டும். மெயினைப் போட்ட உடனே ஒன்று, அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பக்கத்துப் பின்னில் முனை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இன்றைக்கே முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள். சில மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த ஸ்டாண்ட்பை பகுதி கெட்டுப்போகும்போது வோல்ட் இறங்குவதற்குப் பதிலாக ஏறிவிடும், அப்போது போர்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | புதன், காலை 10.05

வினாத்தாள் எல்லாம் நேற்றே காப்பி எடுத்துவிட்டேன். இன்று எலக்ட்ரீஷியன் தம்பி வந்து அளந்தது: 8.50க்கு 3.9, ஒன்பது மணிக்கு 4.4, 9.12க்கு 4.85. 8.50க்கு அமுக்கியபோது வழக்கம்போலக் கால் சுற்று. 9.12க்கு அமுக்கியதும் ஆன்.

கிளிப்_டெஸ்ட் | புதன், காலை 10.30

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். போர்டில் ஏதாவது ஷார்ட் இருந்து அது கரண்டை இழுத்தாலும் ஊதாவில் வோல்ட் குறையத்தானே செய்யும்?

ஈயக்குச்சி | புதன், காலை 11.00

நியாயமான கேள்வி. அதனால் காசு செலவழிப்பதற்கு முன்னால் வேறு எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி, இரவு முழுக்க மெயினை அணைத்து வைத்து, காலைக் குளிரில் முதல் அமுக்கிலேயே வருகிறதா என்று பாருங்கள். 24 பின்னோடு, ப்ராசஸர் பக்கத்தில் இருக்கும் 4 பின்னையும் செருக மறக்காதீர்கள், அதை விட்டால் ஃபேன் சுற்றும், படம் வராது.

பழையதைத் திறந்து கெபாசிட்டர் மாற்றலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: பழக்கம் இல்லாதவர்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். நான் ஒரு தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு முழுக்கக் கை நடுங்கியது.

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | சனி, இரவு 8.15

அண்ணன் மகன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டிப் பார்த்தோம். வியாழன் காலை, வெள்ளி காலை, இரண்டு நாளும் மெயினைப் போட்ட உடனே முதல் அமுக்கில் ஆன் ஆனது. ஊதாவில் 5.08. இன்று கோவை காந்திபுரம் போய்ப் புதுசு வாங்கி வந்துவிட்டேன், 80 ப்ளஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான) முத்திரை போட்ட 450 வாட், 2,600 ரூபாய். கையில் தூக்கினாலே பழையதைவிட இரண்டு மடங்கு கனம். மதர்போர்டு சொன்னவர் நேற்று போன் செய்து "போர்டு எடுத்து வைத்திருக்கிறேன்" என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு குறை. புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய பிறகு முன்பக்கம் இருக்கும் இரண்டு யுஎஸ்பியும் வேலை செய்யவில்லை. இதுவும் போர்டு கோளாறா?

ராம்_ரப்பர் | சனி, இரவு 8.22

அக்கா, 24 பின்னைப் பிடுங்கும்போது கீழே ஒன்பது ஓட்டை உள்ள சின்ன கனெக்டர் கையோடு வந்திருக்கும், கேபினட் முன்பக்கத்திலிருந்து வரும் வயர் எங்காவது தொங்குகிறதா பாருங்கள்.

ஜெராக்ஸ்கடை_கோத்தகிரி | சனி, இரவு 8.40

தொங்கியது. செருகிவிட்டேன், வேலை செய்கிறது. ரொம்ப நன்றி தம்பி.