மறுமொழி: ‘இன்ஹிபிட்டர்’ – தடுப்பியா, முடக்கியா?

அனைவருக்கும் வணக்கம்.

கிருமியின் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியை (என்சைம்) செயலற்றதாக்கும் மருந்தை ஆங்கிலத்தில் ‘பீட்டா-லாக்டமேஸ் இன்ஹிபிட்டர்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில் பேராசிரியர் ஐயா முன்மொழிந்த ‘பீட்டா-லாக்டமேஸ் தடுப்பி’ பாடநூலுக்குச் சரி. ஆனால் நான் தமிழாக்குவது அத்தகைய ஓர் ஊசிமருந்தைப் பற்றி வார்டில் நோயாளி கையில் கொடுக்கும் விளக்கத் தாள். அங்கே ‘தடுப்பி’ இடறுகிறது. வரைவைப் படித்த ஒரு நோயாளியின் மகள், “அப்போ இது தடுப்பூசியா சிஸ்டர்? அம்மாவுக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே” என்று கேட்டார். ஊசிக்குப் பக்கத்தில் ‘தடுப்பு’ வந்தால் நம் மக்களுக்கு வருமுன் காப்பதுதான் நினைவுக்கு வரும்.

மருந்தின் வேலையைப் பாருங்கள். செஃபெபிம், என்மெட்டாசோபாக்டம் இரண்டும் சேர்ந்த ஊசிமருந்து இது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் இரத்தக்குழாய் வழியே டிரிப்ஸாக ஏறும். கிருமியைக் கொல்வது செஃபெபிம். அதன் மூலக்கூறில் உள்ள பீட்டா-லாக்டம் வளையத்தை அறுத்துப்போடத்தான் கிருமி பீட்டா-லாக்டமேஸ் நொதியை வைத்திருக்கிறது. என்மெட்டாசோபாக்டம் அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்குகிறது. செஃபெபிம் தன் வேலையைப் பார்க்கிறது. எனவே என் பரிந்துரை ‘நொதிமுடக்கி’. துல்லியம் வேண்டிய இடத்தில் ‘பீட்டா-லாக்டமேஸ் முடக்கி’.

‘இன்ஹிபிட்டர்’ என்பதற்கு ‘எதிர்ப்பி’யும் வேண்டாம். நோய் எதிர்ப்பாற்றல், நுண்ணுயிர் எதிர்ப்பி, மருந்தெதிர்ப்பு என ஒரே பக்கத்தில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன. நான்காவதைப் போட்டால் எது எதை எதிர்க்கிறது என்று படிப்பவர் திணறிப்போவார்.

என்மெட்டாசோபாக்டம் நம் சென்னையின் ஆர்க்கிட் மருந்து நிறுவனத்தில் உருவானது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) இந்தக் கூட்டுமருந்துக்கு ஒப்புதல் தந்தது. இவ்வூரில் பிறந்த மருந்தை இவ்வூர் நோயாளிக்குத் தமிழில் விளக்கச் சொல் இல்லை என்ற நிலையை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. இந்த மருந்து தரப்படும் சிறுநீர்த்தொற்றின் ஆங்கிலப் பெயரில் வரும் ‘காம்ப்ளிகேட்டட்’ என்பதற்குக் ‘கடுமையான’ என்று சிலர் எழுதுகிறீர்கள். அது பொருளையே மாற்றிவிடும். சிறுநீர்ப் பாதையில் கல், அடைப்பு, கதீட்டர் (சிறுநீர் வடியச் செருகும் குழாய்) போன்றவை இருப்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. வலி எவ்வளவு என்பதை அல்ல. எரிச்சலில் துடிக்கும் ஒருவருக்கு இருப்பது எளிய தொற்றாகவே இருக்கலாம். ‘சிக்கலுற்ற சிறுநீர்த்தொற்று’ என்றே வைப்போம்.

மருந்துப் பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். மருந்துக்கடையில் காட்டிக் கேட்க வேண்டுமே. ‘முடக்கி’ என்றதும் முடக்குவாதம் நினைவுக்கு வருமா என்ற ஒரு தயக்கம் எனக்கு உண்டு. ‘நொதி’ முன்னால் நிற்பதால் வராது என்றே கருதுகிறேன். செவிலியர்கள், மருந்தாளுநர்கள் யாராவது தாள் அச்சுக்குப் போகுமுன் கருத்துச் சொல்லுங்கள்.