மறு: டார்க் – முறுக்குவிசையா, திருப்புத்திறனா, முறுக்கமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் பற்றிய கட்டுரைகளில் டார்க் (torque – அச்சைச் சுற்றித் திருப்பும் விளைவு) என்பதற்கு ‘முறுக்குவிசை’ என்றே எழுதலாம், அது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது என்று ஐயா அவர்கள் சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். பாடநூல் வழக்கான ‘திருப்புத்திறன்’ போதும் என்று மற்றொரு நண்பர் வாதிட்டிருந்தார். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘முறுக்கம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. காரணத்தைச் சொல்ல எஞ்சினுக்குள் சற்று நுழைய வேண்டியிருக்கிறது.

எரியும் கலவையின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது விசை, அலகு நியூட்டன். அந்தத் தள்ளல் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வழியாகச் சென்று கிராங்க் என்னும் வளைவுத் தண்டைத் திருப்பும்போது டார்க் பிறக்கிறது. அலகு நியூட்டன் மீட்டர். கிராங்க் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் வருவது திறன். கணக்கு எளிது: நியூட்டன் மீட்டரை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைத்துவிடும். எஞ்சின்களை ஒப்பிட்டு எழுதுகிறவர் இந்த மூன்றையும் ஒரே பத்தியில் மாறி மாறிச் சொல்ல நேரும். நடுவில் உள்ளதன் பெயர் ‘விசை’ என்று முடிந்தால் முதலாவதோடும், ‘திறன்’ என்று முடிந்தால் மூன்றாவதோடும் குழம்பும்.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 349 சிசி, ஒற்றை சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும் தூரம்) 85.8 மில்லிமீட்டர். அதன் உச்ச டார்க் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் 27 நியூட்டன் மீட்டர், அப்போது திறன் சுமார் 11.3 கிலோவாட். 6,100 சுழற்சிக்குப் போனால் டார்க் 23.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது, திறனோ 15 கிலோவாட்டுக்கு ஏறி உச்சம் தொடுகிறது. இதை நண்பரின் சொல்லில் எழுதிப் பாருங்கள்: “திருப்புத்திறன் குறைந்தபோதிலும் திறன் கூடுகிறது.” முதல்முறை படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

‘முறுக்குவிசை’ செய்யும் கேடு இதைவிட நுட்பமானது. ஸ்ட்ரோக் நீண்ட எஞ்சினில் கிராங்கின் கை நீளம், ஆகவே டார்க் அதிகம் என்ற நம்பிக்கை வாகன ஆர்வலர்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதே கொள்ளளவில் ஸ்ட்ரோக்கை நீட்டினால் பிஸ்டனின் பரப்பு அதே விகிதத்தில் சுருங்கும், அதன் மேல் விழும் விசையும் சுருங்கும் என்பதை ‘விசை’யில் முடியும் சொல் மறைத்துவிடுகிறது. சராசரி டார்க்கைத் தீர்மானிப்பவை கொள்ளளவும் சராசரி அழுத்தமுமே. கவாசாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-25ஆர் எஞ்சினில் நான்கு சிறு சிலிண்டர்கள், மொத்தம் 250 சிசி, ஸ்ட்ரோக் 31.8 மில்லிமீட்டர்தான். ஆயினும் 14,500 சுழற்சியில் அது சுமார் 23 நியூட்டன் மீட்டர் தருகிறது; ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் என்ஃபீல்டைவிட அதிகம். அதே சுழற்சியில் திறன் ஏறத்தாழ 35 கிலோவாட். குட்டை ஸ்ட்ரோக்கின் உண்மையான ஆதாயம் சுழற்சி வேகம்: என்ஃபீல்டு 6,100 சுழற்சியில் ஓடும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.4 மீட்டர், கவாசாகி 15,500 சுழற்சியில் ஓடும்போது 16.4 மீட்டர். கவாசாகி கத்துகிறது, என்ஃபீல்டு நிதானமாகத் துடிக்கிறது. பிஸ்டனுக்கோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஓட்டம்.

‘முறுக்கம்’ ஏற்கெனவே டார்ஷனுக்கு (torsion – முறுக்கப்பட்ட தண்டு திருகிக்கொள்வது) வழங்குகிறதே என்ற மறுப்பு நியாயமானது. இதற்குத் தமிழின் தன்வினை, பிறவினை இணையே வழி காட்டுகிறது. தண்டை முறுக்குவது முறுக்கம். அதனால் தண்டு முறுகுவது முறுகல். செய்தித்தாள்கள் ‘முறுகல் நிலை’ என்று அரசியலுக்கு எழுதுவது நமக்கு இடையூறாகாது. ஆக்சிலரேட்டரைத் திருகுவதையும் பேச்சில் ‘முறுக்குவது’ என்றுதான் சொல்கிறோம். அது வினையாகவே வழங்குவதால் இந்தப் பெயர்ச்சொல்லோடு மோதுவதில்லை.

சிறிய சொல்லாக இருப்பதால் கூட்டுச்சொற்களும் எளிதாக அமையும்: உச்ச முறுக்கம், சராசரி முறுக்கம், கண முறுக்கம் (ஒரு குறிப்பிட்ட கணத்தில் இருப்பது). இவை வெறும் அலங்காரமல்ல. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒற்றை சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. கலவையை அழுத்தும்போது கண முறுக்கம் எதிர்த்திசைக்கே போய்விடுகிறது. வழக்கமான நான்கு சிலிண்டர் கிராங்கில் எல்லாப் பிஸ்டன்களும் ஒரே கணத்தில் நின்று திரும்புவதால், அவற்றின் நிலைமத்தால் (இயக்க மாற்றத்தை எதிர்க்கும் தன்மையால்) எழும் முறுக்கம் ஏறி இறங்கி, எரிதலால் வரும் முறுக்கத்தை மூடிவிடுகிறது. 2009-இல் யமஹா ஆர்1 கிராங்கில் கனெக்டிங் ராடுகள் மாட்டப்படும் ஊசிகளை 90 பாகைக்கு ஒன்றாக அமைத்தது இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்கவே. எரி முறுக்கம், நிலைம முறுக்கம் என்று இவற்றைப் பிரித்து எழுதலாம். நண்பரின் சொல்லைக் கொண்டால் பின்னது ‘நிலைமத் திருப்புத்திறன்’ ஆகும். பாடநூல்களில் அந்தப் பெயர் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவுக்கு (சுழற்சி மாற்றத்தை ஒரு பொருள் எதிர்க்கும் அளவு) முன்பே போய்விட்டது. இந்த மோதலுக்கு அவரிடம் தீர்வு இருந்தால் அறிய விரும்புகிறேன்.