டர்பனில் இலையுதிர் காலத் தெருப் படங்கள்: எந்தத் தெரு, எந்த நேரம், எப்படி அச்சு?

புதுவரவு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் 25, அதற்கடுத்த சனிக்கிழமை, ஆக இரண்டு காலைகள் நண்பர்கள் நாலு பேர் டர்பன் நகர்ப்பகுதியில் நடந்து படமெடுக்கப் போகிறோம். கையில் இருப்பது: 23 மி.மீ. லென்ஸோடு ஒரு ஏபிஎஸ்-சி கேமரா, 35 மி.மீ. லென்ஸோடு ஒரு ஃபிலிம் கேமரா (400 ஐஎஸ்ஓ கறுப்பு-வெள்ளை ரோல்), இரண்டு ஃபோன். ஜூன் மாதம் ஒரு சமூகக் கூடத்தில் 12 படங்களை ஏ3 அளவில் மாட்ட வேண்டும் என்பது திட்டம்.

தமிழ் வீடியோக்களில் சொல்வதெல்லாம் சென்னை வெயிலுக்கு. "காலை 8 மணிக்கு மேல் கேமராவை மூடிவிடு" என்கிறார்கள். இங்கேயும் அப்படித்தானா? முன்னோட்டமாக எடுத்த படங்களில் தெருவின் பாதி கரிக்கறுப்பு, வானம் வெள்ளைக் காகிதம். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் போவது, கேமராவை எப்படி வைத்துக்கொள்வது, வார்விக் சந்தையில் படமெடுக்கலாமா, அச்சுக்கு என்ன கவனிக்க வேண்டும்? நிறம் மாறிய இலைகள் ஊருக்குள் எங்காவது கிடைக்குமா?

வடக்குவெயில்:

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் தென்பாதியில், தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு உச்சி வெயில் வடக்கிலிருந்து வருகிறது. சித்திரை பிறக்கும்போது சென்னையில் சூரியன் தலைக்கு மேல். இங்கே அப்போதுதான் அது வடக்கே சரியத் தொடங்கியிருக்கும். டிசம்பர் நடுப்பகலில் டர்பன் சூரியன் 83 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 25 அன்று 47 டிகிரி, மே நடுவில் 41 டிகிரிதான். அதனால் "8 மணிக்கு மேல் எடுக்காதே" என்பது இங்கே செல்லாது. நாள் முழுக்கச் சாய்ந்த வெயில்தான். கேள்வி நேரத்தைப் பற்றியது அல்ல, தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பற்றியது.

ஏப்ரல் 25 அன்று சூரியன் ஏறுவது 6:20 வாக்கில், இறங்குவது 17:27 வாக்கில். டாக்டர் யூசுஃப் தாதூ தெரு (பழைய கிரே ஸ்ட்ரீட்) கிட்டத்தட்ட தெற்கு-வடக்காக ஓடுகிறது. காலை 8 மணிக்குச் சூரியன் 19 டிகிரியில்தான் இருக்கும். 12 மீட்டர் உயரக் கட்டடத்தின் நிழல் 34 மீட்டர் நீளும், தெருவின் குறுக்கே மட்டும் 30 மீட்டர். தெரு 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் முழுத் தெருவும் நிழலில் மூழ்கியிருக்கும். மேலே வானம் மட்டும் வெளிச்சம். உங்கள் கறுப்புப் பாதிக்கும் வெள்ளை வானத்துக்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே இடத்துக்குப் 10 மணிக்குப் போனால் குறுக்கு நிழல் 9 மீட்டருக்குச் சுருங்கியிருக்கும். மேற்குப் பக்க நடைபாதையில் வெயில், கிழக்குப் பக்கத்தில் நிழல். நிழல் பக்கம் நின்று வெயில் பக்கம் நடப்பவர்களை எடுங்கள்.

டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெரு (வெஸ்ட் ஸ்ட்ரீட்) கடலை நோக்கிக் கிழக்கு-மேற்காக ஓடுவது. அதிகாலை வெயில் கடல் முனையிலிருந்து தெரு நெடுக வரும், எதிர்வெயிலில் உருவங்கள் நிழலுருவாக நிற்கும். நடுப்பகலில் வடக்குக் கட்டடங்களின் நிழல் 11 மீட்டர். ஆகவே தெற்கு நடைபாதை முழு வெயிலில் இருக்கும். இந்தத் தெருக்கள் எல்லாம் அச்சடித்த மாதிரி நேர்த்திசையில் இல்லை. கால் மணி நேரம் முன்பின் வைத்துக்கொண்டு, முதல் நாளே ஃபோன் திசைகாட்டியோடு ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.

இப்படிப் போகலாம்: 6 மணிக்கு நார்த் பீச் பாலம். கடலைப் பார்த்து நின்றால் சூரியன் நேர் எதிரே எழாது, இடது பக்கம் வடகிழக்கில் எழும். பாலத்தின் தென்புறம் நின்றால் தூண்களும் வெளிச்சமும் ஒரே சட்டத்துக்குள் வரும். இந்தப் பருவத்தில் இரவுக் குளிர்காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் காலை 9 வரை கடல் எண்ணெய் ஊற்றியது போல் அடங்கியிருக்கும். அதை விட்டுவிடாதீர்கள். 8 மணிக்கு வார்விக், 10 மணிக்கு தாதூ தெரு, அங்கிருந்து மத்ரஸா ஆர்கேட் (கூரை போட்ட கடைச் சந்து).

இனி கேமரா. ஏபிஎஸ்-சியில் 23 மி.மீ., எஃப்/8, கையால் 2.5 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை தெளிவு. ஃபிலிம் கேமராவில் 35 மி.மீ., எஃப்/8, 3 மீட்டரில் வைத்தால் 1.9 முதல் 7 மீட்டர் வரை. ஃபோகஸ் தேடி நிற்க வேண்டியதில்லை, ஆள் அந்தத் தூரத்துக்குள் வந்ததும் அழுத்தலாம். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சவரம்பு 3200.

வெளிச்சம் அளப்பதில் டிஜிட்டலும் ஃபிலிமும் நேர்எதிர். டிஜிட்டலில் வெயில் படும் இடத்தைப் பார்த்து அளக்க வேண்டும். வெளுத்துப்போனது திரும்பி வராது, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். ரா கோப்பாக (கேமரா சுருக்காத மூலக் கோப்பு) எடுத்தால் 2-3 ஸ்டாப் தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு அல்லது பாதி). நெகட்டிவ் ஃபிலிமில் நிழலைப் பார்த்து அளக்க வேண்டும். 400 ஐஎஸ்ஓ ரோலுக்கு முழு வெயிலில் 1/500, எஃப்/16. திறந்த நிழலில் 1/500, எஃப்/5.6. பாதி வெயில் பாதி நிழல் என்றால் எஃப்/8 வையுங்கள், வெயில் பகுதியை ஃபிலிம் பொறுத்துக்கொள்ளும். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் வானம் நன்றாக இறங்கும், ஆனால் சுமார் 2 ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும், கணக்கில் வையுங்கள்.

ஃபோன்காரர்கள் வெயில் பட்ட சுவரைத் திரையில் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்து, மைனஸ் 1 வரை இறக்கலாம். இல்லாவிட்டால் ஃபோன் நிழலையும் வெயிலையும் ஒன்றாக்கித் தட்டையாக்கிவிடும். கேமராவின் ஒயிட் பேலன்ஸைப் பகல்வெளிச்சத்தில் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் இந்தப் பருவத்தின் தேன் நிறத்தை அது "பிழை" என்று நினைத்துத் திருத்திவிடும்.

இலை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிவந்த இலை வேண்டுமென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏற வேண்டும். டர்பனின் இலையுதிர் கால நிறம் இலையில் இல்லை, பூவில் இருக்கிறது. தண்டெல்லாம் முள்ளாக, நம் இலவ மரத்துக்கு உறவான சில்க் ஃப்ளாஸ் என்னும் தென்னமெரிக்க மரம் இப்போதுதான் இளஞ்சிவப்பாகப் பூக்கும். 1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது.

சந்தைவாசல்:

வார்விக் பற்றி நான் சொல்கிறேன். "எடுக்கலாமா" என்பதற்குச் சட்டம் ஒரு பதில், சந்தை இன்னொரு பதில்.

சட்டப்படி பொது இடத்தில் படமெடுக்கத் தடை இல்லை. தனியுரிமைச் சட்டமான போபியாவின் 7ஆம் பிரிவு கலை, இலக்கிய, பத்திரிகை வெளிப்பாட்டுக்கு இடம் விடுகிறது. ஆனால் மாலுக்குள், கடைக்குள், விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்குள் போனால் இடத்தை நடத்துபவர் சொல்வதுதான் விதி. காவல் நிலையம், துறைமுக வாயில் பக்கம் கேமராவைத் தூக்க வேண்டாம்.

சந்தையில் சட்டம் பேசி ஒரு படமும் கிடைக்காது. வார்விக் ஒரே சந்தை அல்ல, பல சந்தைகளின் கூட்டம். மூலிகைச் சந்தையில் முத்தி (ஜூலு மக்களின் மரபு மருந்து) விற்பவர்கள் படத்தை விரும்புவதில்லை. அது மருத்துவமும் முன்னோர் வழிபாடும் சேர்ந்த இடம், பொருளைக்கூடக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மாட்டுத்தலைச் சந்தையிலும் அப்படியே. மணிச் சந்தையிலும் காலைச் சந்தையின் காய்கறிப் பக்கத்திலும் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். "சவுபோனா" என்று வணக்கம் சொல்லி, அரைக் கிலோ பச்சை மிளகாயோ கறிவேப்பிலையோ வாங்கிவிட்டுக் கேளுங்கள். அங்கே நம் ஆட்களும் தலைமுறைகளாகக் காய்கறி விற்கிறார்கள், வயதானவரை அண்ணா, அக்கா, ஆயா என்று கூப்பிட்டால் முகம் மலரும். முதல் தடவை என்றால் மார்க்கெட்ஸ் ஆஃப் வார்விக் வழிகாட்டியோடு போய்விட்டு, இரண்டாவது சனிக்கிழமை தனியாகப் போவது நல்லது. வழிகாட்டிக்கு வியாபாரிகளைத் தெரியும்.

கடற்கரையிலும் ஒரு கவனம் வேண்டும். விடியலில் வெள்ளை உடை அணிந்து தண்ணீரில் இறங்கி வழிபடும் கூட்டங்கள் வரும், நம் ஆட்களும் தட்டோடு வருவார்கள். அழகான காட்சிதான். ஆனாலும் முகத்தை எடுக்காதீர்கள், தூரத்திலிருந்து முதுகுப் பக்கம் போதும். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

நாலு பேர் ஒன்றாக ஒரே இடத்தில் கேமராவைத் தூக்கினால் படையெடுப்பு மாதிரி இருக்கும். இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: ஒருவர் எடுக்க, ஒருவர் சுற்றிலும் பார்க்க. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். தோள் பட்டையைவிட மணிக்கட்டுப் பட்டை பாதுகாப்பு. ஃபோனை ரோபோட் (போக்குவரத்து விளக்கு) பக்கம், சாலை ஓரத்தில் நீட்டிப் பிடித்து நிற்காதீர்கள். பறித்துக்கொண்டு ஓடுவது அங்கேதான் நடக்கும்.

நிழலோரம்:

வடக்குவெயில் சொன்னதில் ஒன்றே ஒன்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. மத்ரஸா ஆர்கேட்டுக்குள் 1/500 வேண்டாம். உள்ளே தெருவைவிட 5-6 ஸ்டாப் இருட்டு. ஐஎஸ்ஓ உச்சவரம்பில் முட்டிப் படம் கறுக்கும். 1/125, எஃப்/4, ஐஎஸ்ஓ 1600 வைத்து, நடப்பவரை விட்டுவிட்டு நிற்பவரை எடுங்கள். ஃபிலிம்காரர் வாசலுக்குப் பத்தடிக்குள் நின்றுகொள்ளட்டும்.

அந்தத் தெருவுக்குப் போகுமுன் டிரம் இதழுக்குப் படமெடுத்த ரஞ்சித் காலியின் (1925-2017) படங்களைத் தேடிப் பாருங்கள். டர்பன் இந்திய வாழ்க்கையை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்த கண் வேறு இல்லை என்பது என் எண்ணம். சிட்டி ஹால் கட்டடத்துக்குள் இருக்கும் டர்பன் ஆர்ட் கேலரியும் பக்கம்தான். அச்சு எந்த உயரத்தில் தொங்குகிறது, ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விடுகிறார்கள் என்று பார்க்கவாவது ஒரு நடை போங்கள்.

இன்னொன்று: கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் வடகரைத் தோட்டங்களில் எரித்த சாம்பல் காற்றில் வரும். மாலை வானம் சிவக்க அது உதவும், ஆனால் வெளியில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் ஒட்டும். கடற்கரை உப்பும் அப்படித்தான். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுங்கள், பிறகு ஈரத்துணி, பிறகுதான் காய்ந்த துணி.

ஈரக்காகிதம்:

அச்சு. 12 படம் மாட்ட 12 படம் அச்சடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நாலு பேரும் ஆளுக்கு 25 படங்களை 10×15 செ.மீ. மலிவு அச்சாக எடுத்து, நூறையும் ஒரு பெரிய மேசையில் பரப்புங்கள். ஃபோன் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். மேசையில் எது சோடை என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு கட்டுப்பாடு: தன் படத்துக்காகத் தானே வாதாடக் கூடாது, இன்னொருவர்தான் பேச வேண்டும். நட்பு கெடாமல் இருக்கவும் நல்ல படம் தேறவும் இது ஒன்றே வழி.

அளவு: ஏ3 என்றால் 29.7×42 செ.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 3508×4961 பிக்ஸல். 24 மெகாபிக்ஸல் கேமராவுக்குத் தாராளம். 12 மெகாபிக்ஸல் ஃபோனில் 240 வரும், ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்க அதுவும் போதும், ஆனால் வெட்டக் கூடாது. ஃபோனில் விரலால் பெரிதாக்கி எடுத்த படம் ஏ3க்குத் தாங்காது.

எல்லோருக்கும் நடக்கும் கோளாறு, அச்சு இருட்டாக வருவது. குற்றம் அச்சுக்கூடத்துடையது அல்ல, திரையின் பிரகாசம் அதிகம். திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும்வரை திரையைக் குறைத்துவிட்டுத் திருத்துங்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபி என்னும் பொதுவான நிற அமைப்பில் கொடுங்கள். ஒரே படத்தை மூன்று பிரகாசத்தில் ஒரு ஏ4 தாளில் சோதனை அச்சுப் போட்டு, கூடத்தின் விளக்குக்குக் கீழே வைத்துப் பாருங்கள். வீட்டு வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

டர்பன் ஈரம் காகிதத்துக்குப் பகை. இங்க்ஜெட் அச்சு வந்ததும் சட்டத்துக்குள் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் ஆவி படியும். அச்சுகளுக்கு நடுவே வெறுந்தாள் வைத்து, ஒரு முழு நாளாவது காயவிடுங்கள். மாட்டும்போது பிரெஸ்டிக்கை (சுவரில் ஒட்டும் களிம்புப் பசை) நேரே அச்சின் முதுகில் ஒட்டாதீர்கள்: எண்ணெய் ஊறிக் கறை முன்பக்கம் தெரியும், உச்சி வெயிலில் இளகி விழவும் செய்யும். இருபக்க டேப்பும் வேண்டாம். 5 மி.மீ. ஃபோம் அட்டை, நாலு மூலையிலும் காகித மூலைக்கூடு, அதற்குள் அச்சைச் செருகுங்கள். காகிதம் ஈரத்தில் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும், அலை எழாது.

புதுவரவு:

மிக்க நன்றி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். இரண்டு சந்தேகம்: அன்று மேகமூட்டமாக இருந்தால் தள்ளிப்போடவா? கூடத்தில் எந்தச் சுவரில் மாட்டுவது? வடக்குப் பக்கம் மூன்று பெரிய ஜன்னல்கள்.

வடக்குவெயில்:

தள்ளிப்போட வேண்டாம், திட்டத்தை மட்டும் திருப்பிப் போடுங்கள். மேகமூட்டத்தில் வானத்தைச் சட்டத்துக்குள் சேர்க்காமல் வார்விக், ஆர்கேட், பூமாலை கட்டும் கடைகள் என்று முகங்களுக்கும் நிறங்களுக்கும் போகலாம். நிழல் கோடுகள் வேண்டிய தாதூ தெருவை அடுத்த வாரம் வையுங்கள்.

ஈரக்காகிதம்:

தெற்குச் சுவர் கூடாது. ஜூனில் நடுப்பகல் சூரியன் 37 டிகிரிதான். 2 மீட்டர் உயர ஜன்னல் என்றால் வெயில் உள்ளே 2.7 மீட்டர் வரை பாயும். சின்ன அறையாக இருந்தால் எதிர்ச் சுவரில் நேராக விழுந்து அச்சை வெளிற வைக்கும். பெரிய கூடமாக இருந்தாலும் அந்தச் சுவரின் கண்ணாடியில் படத்துக்குப் பதிலாக ஜன்னல்தான் தெரியும். வடக்குச் சுவரில் மாட்டினால் பார்ப்பவர் கண் கூசும். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும்தான் சரி, பக்கத்துக்கு 6. கண்ணாடி இல்லாமலே மாட்டலாம், இரண்டு வார நிகழ்வுக்கு ஒன்றும் ஆகாது.

படத்தின் நடு தரையிலிருந்து 145-150 செ.மீ. அட்டையோடு 40 செ.மீ. அகலம், இடைவெளி 20 என்றால் 6 நெட்டைப் படங்களுக்கு 3.4 மீட்டர் சுவர் வேண்டும். போகும்போது அளவுநாடா எடுத்துக்கொள்ளுங்கள், சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணிகளையும் எண்ணிவிட்டு வாருங்கள்.