மறு: ‘மறுவாழ்வு’க்குப் பதில் தேறுபயிற்சி?

வணக்கம்.

காயத்திலிருந்து உடம்பை மீட்கும் சிகிச்சைக்கு (rehabilitation) தமிழில் என்ன சொல்வது என்று நம் மடற்குழுவில் பேசிவருகிறோம்; நான் ‘தேறுபயிற்சி’ என்கிறேன். ‘மறுவாழ்வு’ அகராதியில் நிலைத்துவிட்ட சொல், அதைக் கலைக்க வேண்டாம் என்கிறார் குழுவிலுள்ள கிள்ளான் ஐயா. அகராதியில் நிலைத்தது சரி. பினாங்கில் என் பிசியோதெரபி அறைக்குள் அது நிற்கவில்லை. பூப்பந்து ஆடும் 15 வயதுப் பையன் ஒருவனின் அம்மாவிடம், “தம்பிக்கு மூன்று மாதமாவது மறுவாழ்வுச் சிகிச்சை வேண்டும்” என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. “அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் இல்லாத பிள்ளை சார்” என்றார். மறுவாழ்வு மையம் என்றால் நம் ஊரில் போதைப் பழக்கம்தானே நினைவுக்கு வரும்!

பையனுக்கு வலி இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்பில். ஸ்மேஷ் (தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிப்பது) அடிக்கும்போதெல்லாம் முதுகை வில்லாகப் பின்னே வளைத்து, அப்படியே இடுப்பைத் திருப்புகிறான். முள்ளெலும்பின் மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் இணைக்கிற ஒல்லியான எலும்புப் பாலம் ஒன்று உண்டு. வளைப்பும் திருப்பும் சேர்ந்தால் பாரம் அங்கேதான் விழும். எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்வதற்குள் அடுத்த நாள் பயிற்சி வந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கும் இதே கதைதான். வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில் வரும். 2019-இல் இந்திய வீச்சாளர் பும்ராவை ஆட்டத்திலிருந்து ஒதுங்க வைத்தது இந்த வகைக் காயம்தான். ஆஸ்திரேலியாவின் பாட் கம்மின்ஸ் 2011-இல் முதல் டெஸ்ட் ஆடியவர், முதுகு உட்படப் பல காயங்களால் அடுத்த டெஸ்டுக்கு 2017 வரை காத்திருந்தார்.

இந்தக் காயத்துக்கு (stress fracture) குழுவில் ஜொகூர் அக்கா சொன்ன ‘அழுத்த முறிவு’ எனக்கு ஒட்டவில்லை. அழுத்தம் என்றதும் மனமோ ரத்தமோதான் முன்னால் வருகிறது. முறிவும் எப்போதும் இருப்பதில்லை. தொடக்கத்தில் எலும்புக்குள் நீர்கோத்திருக்கும், அவ்வளவுதான்; எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். ஆகவே பொதுவாகத் ‘தொடர்சுமைக் காயம்’, எலும்பில் கோடு விட்டபின் ‘தொடர்சுமை விரிசல்’ என்று பிரிக்கலாம். இதற்கு மேல் இதில் எனக்குப் பிடிவாதமில்லை.

பிடிவாதம் ‘தேறுபயிற்சி’யில்தான். “உடம்பு தேறிட்டானா?” என்று பாட்டிகள் கேட்பார்களே, அந்தத் தேறு. ‘தேற்றப் பயிற்சி’ என்றும் எழுதிப் பார்த்தேன். தேற்றம் என்றதும் கணக்கு வாத்தியார்கள் பிதாகரஸோடு வந்து நிற்பார்கள். தேறு என்றால் சோதனையில் வெல்வதும்தான். இந்தச் சிகிச்சையும் அப்படித்தான் நடக்கிறது. முதலில் பின்வளைப்பும் திருப்பும் தடை. நடக்கும்போதும் வகுப்பில் உட்காரும்போதும் வலி நின்ற பிறகுதான் அடுத்த படி. அப்புறம் வயிற்றின் உள்தசை, முதுகெலும்பை ஒட்டிய தசை, பிட்டத் தசை எல்லாவற்றுக்கும் வேலை. இறுகிப்போன பின்தொடையை மெல்ல நீட்டிப் பழக்க வேண்டும். பிறகு குதித்தல், பந்தில்லாமல் ஸ்மேஷ் வீச்சு, கடைசியில் எண்ணி எண்ணிக் கூட்டும் அடிகள். ஒரு படியில் வலித்தால் தேறவில்லை; கீழ்ப்படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

‘ஓய்வுச் சிகிச்சை’ என்று வைக்கலாமே எனப் போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அப்படிச் சொன்னால் வீட்டில் பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிடுகிறார்கள், தசை இளைத்து மூன்று மாதம் கழித்து வருகிறான். பயிற்சி என்ற சொல் காதில் விழ வேண்டும்.

இலக்கணமும் இடம் கொடுக்கிறது. ஊறுகாய்போல இது வினைத்தொகை: தேறிய, தேறுகின்ற, தேறும் என மூன்று காலமும் அடங்கும். வல்லினம் மிகாது, ‘தேறுப்பயிற்சி’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

அந்த அம்மாவிடம் அடுத்த முறை “தம்பிக்குத் தேறுபயிற்சி” என்றேன். “எத்தனை மணிக்குக் கூட்டி வரணும்?” என்று கேட்டார். விளக்கம் கேட்கவில்லை.

இடுப்பில் கட்டுகிற பட்டைக்கும் சொல் தேடலாமா என்று ஐயா கேட்டிருந்தார். எல்லாரும் பெல்ட் என்கிறார்கள். அந்தச் சொல்லே இருக்கட்டும்.